இளைப்பு எல்லாம் ஆஸ்துமா இல்லை: மூச்சுக்குழாய்ப் புற்றுநோய் பற்றி ஓர் எளிய விளக்கம்

இராமநாதபுரம் கடற்கரையில் ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது என்றால் காரணம் சொல்ல ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். சாயல்குடிப் பக்கம் என்றால் கருப்பட்டி காய்ச்சும் அடுப்புப் புகை. கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற புகை. பாம்பன், தங்கச்சிமடம் என்றால் ஈரக் காற்று, ஐஸ் குளிர், பீடி. பெரும்பாலும் இவற்றில் ஒன்று சரியாகவே இருக்கும். டாக்டர் ஆஸ்துமா என்பார், அல்லது பீடியால் நுரையீரல் கெட்டிருக்கிறது என்பார். இன்ஹேலர் எழுதிக் கொடுப்பார். ஆளும் தேறிவிடுவார்.

இன்ஹேலருக்கு அடங்காமல், மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகிற இளைப்பும் உண்டு. அதற்கும் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் மிக அபூர்வமான ஒன்று, மூச்சுக்குழாய்க்கு உள்ளேயே வளரும் புற்றுக்கட்டி. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது, குறிப்பாக அதில் ஒரு வகையான அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா பற்றியது.

எவ்வளவு அபூர்வம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு இருமுகிறவர்கள் எல்லோரும் பயப்படுவார்கள். மேலைநாட்டுப் பதிவேடுகளின்படி, மூச்சுக்குழாயிலேயே தொடங்கும் புற்றுநோய் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிறது. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்து மக்கள்தொகை சுமார் 13.5 லட்சம். அதே விகிதம் இங்கேயும் இருப்பதாக வைத்துக்கொண்டால், தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும், உள்நாட்டு ஊர்களையும் சேர்த்து, வருடத்துக்கு ஒருவர் அல்லது இருவர். ஒரு டாக்டர் முப்பது வருடம் கிளினிக் நடத்தினாலும் இப்படி ஒரு நோயாளியைப் பார்க்காமலேயே ஓய்வு பெற்றுவிடலாம். நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தைராய்டு, உணவுக்குழாய், நுரையீரல், குரல்வளை ஆகியவற்றில் வரும் புற்று பரவி மூச்சுக்குழாயைத் தொடுவது இதைவிட அதிகம். அது வேறு கதை, அதற்கான மருத்துவமும் வேறு.

குழாயும் அதில் வளரும் கட்டியும்

குரல்வளைக்குக் கீழே தொடங்கி, நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கி, இரண்டு நுரையீரல்களுக்கும் கிளை பிரியும் இடம் வரை போகிற ஒற்றைக் குழாய்தான் மூச்சுக்குழாய். பெரியவர்களுக்கு 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம், ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அகலம். 18 முதல் 22 குருத்தெலும்பு வளையங்கள் அதை மடங்காமல் விரித்துப் பிடித்திருக்கின்றன. இந்த வளையங்கள் பின்பக்கம் மூடியிருக்காது, அங்கே தசைதான். அந்தத் தசையை ஒட்டியே உணவுக்குழாய் இறங்குகிறது. குழாயின் உள்தோலுக்கு அடியில் சளி சுரக்கும் குட்டிச் சுரப்பிகள் நிறைய உண்டு.

இந்தக் குழாயில் தொடங்கும் புற்றுநோய்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இரண்டே வகைகளில் அடங்கிவிடும். ஒன்று ஸ்குவாமஸ் செல் வகை. இது உள்தோலிலிருந்து வருவது, பீடி சிகரெட்டோடு நேரடித் தொடர்பு உள்ளது, 60 வயதை ஒட்டிய ஆண்களிடம் அதிகம். வேகமாக வளரும், சீக்கிரமே சளியில் இரத்தம் காட்டும்.

இரண்டாவதுதான் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா. இது அந்தக் குட்டிச் சுரப்பிகளிலிருந்து வருகிறது. வாயில் இருக்கும் சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இதே ஜாதிதான், அதனால் இதே புற்று அங்கேயும் வருவதுண்டு. 1859இல் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர் இதை விவரித்தபோது வேறு பெயர் வைத்திருந்தார், வெகுகாலம் அதைத் தீங்கற்ற கட்டிகளோடு சேர்த்துப் பேசியவர்களும் உண்டு. அவ்வளவு மெதுவாக வளரும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறத்தாழ சம அளவில் வரும், 40, 50 வயதுகளில் அதிகம். புகைப்பழக்கத்தோடு இதற்குத் தொடர்பு தெரியவில்லை. வாழ்நாளில் பீடிப் புகையே படாத பெண்ணுக்கும் வரலாம். பலருடைய கட்டிகளில் எம்ஒய்பி, என்எஃப்ஐபி என்ற இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதை 2009இல் கண்டுபிடித்தார்கள். இந்த மாற்றம் அந்தக் கட்டியின் செல்களில் மட்டும் நடப்பது, பிள்ளைகளுக்குப் போகாது. ‘நான் என்ன தப்பு செய்தேன்’ என்று நோயாளி கேட்டால், ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மையான பதில்.

இதன் முக்கியமான குணம் ஒன்று இருக்கிறது, மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. குழாய்க்குள் துருத்திக்கொண்டு தெரிகிற கட்டி சின்னதாக இருக்கலாம், ஆனால் உள்தோலுக்கு அடியிலும் நரம்புகளின் ஓரமாகவும் அது நீளவாக்கில் ஊர்ந்து போயிருக்கும். நம் ஊர்க்காரர்களுக்குச் சீமைக்கருவேலத்தைச் சொன்னால் போதும். மேலே வெட்டியதை வைத்து வேர் எங்கே முடிகிறது என்று யாரும் சொல்ல முடியாது.

ஏன் ஆஸ்துமா போல ஏமாற்றுகிறது

சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சு விட மூச்சுக்குழாயின் முழு அகலமும் தேவைப்படுவதில்லை. உள்வழி பாதிக்குப் பாதி அடைபடும் வரை பலருக்கு ஒன்றும் தெரியாது. வழி 8 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும்போது மாடி ஏறினால், வலை இழுத்தால், தண்ணீர்க் குடம் தூக்கினால் வாங்கும். 5 மில்லிமீட்டர் ஆகும்போது உட்கார்ந்திருந்தாலே வாங்கும். முதல் கட்டத்துக்கும் இரண்டாவது கட்டத்துக்கும் நடுவே இருப்பது வெறும் மூன்று மில்லிமீட்டர் என்பதைக் கவனியுங்கள். வருடக்கணக்கில் ஊர்ந்து வந்த நோய், கடைசியில் திடீரென்று வந்ததுபோல் தெரிவது இதனால்தான்.

மூச்சை வைத்துப் பிழைக்கிறவர்கள் இதைச் சீக்கிரம் உணர வாய்ப்பு உண்டு. கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளிப்பவர்களும், பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களும் தங்கள் மூச்சின் அளவை நன்றாக அறிந்தவர்கள். ‘முன்ன மாதிரி தம் கட்ட முடியலை’ என்று அவர்கள் சொன்னால், வயசாயிடுச்சு என்று தள்ளிவிடாமல் இருப்பது நல்லது.

ஆஸ்துமாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஆஸ்துமா ஏறும், இறங்கும். இரவில் கூடும், தூசி பட்டால் கூடும், சில நாள் சுத்தமாக இருக்காது. மூச்சை வெளியே விடும்போது நெஞ்சு முழுக்க விசில் கேட்கும். மூச்சுக்குழாய் அடைப்பில் அப்படி நல்ல நாள், கெட்ட நாள் கிடையாது. மூச்சை உள்ளே இழுக்கும்போதும் கரகரவென்று ஒரு சத்தம் வரும், ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் வைத்தால் நெஞ்சைவிட அங்கேதான் அதிகம் கேட்கும். சிலருக்கு ஒரு பக்கமாகப் படுத்தால் சிரமம் கூடும். இருமலில் எப்போதாவது இரத்தக் கோடு தெரியும். குரல் கம்மினால், குரல்நாணுக்குப் போகும் நரம்பைக் கட்டி தொட்டிருக்கலாம்.

இன்ஹேலர் மருந்து நுரையீரலின் சிறு குழல்களைச் சுற்றியிருக்கும் தசையைத் தளர்த்துகிறது. கட்டி தசை இல்லை, அது தளராது. ஆனால் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் கட்டியைச் சுற்றியுள்ள வீக்கம் கொஞ்சம் வற்றி, சில நாள் தேவலை போல இருக்கும். இந்தத் தற்காலிக நிம்மதிதான் பெரிய குழப்பம். ‘மருந்து கேட்கிறதே, அப்படியானால் ஆஸ்துமாதான்’ என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அறிகுறி தொடங்கியதிலிருந்து கண்டுபிடிப்பதற்கு ஒரு வருடம் தாண்டுவது இந்த நோயில் சகஜம்.

கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. வளைகுடாவில் வேலை பார்ப்பவர் அங்கே ஒரு டாக்டரிடம் மருந்து வாங்குவார், லீவுக்கு வரும்போது இங்கே இன்னொருவரிடம் காட்டுவார், அடுத்த லீவில் வேறொருவர். மூன்று பேருமே நல்ல டாக்டர்களாக இருக்கலாம், ஆனால் இரண்டு வருடமாக ஏறிக்கொண்டே போகும் இளைப்பை முழுக்கப் பார்த்தவர் யாரும் இல்லை. சீட்டுகளையும் பழைய பரிசோதனைகளையும் ஒரு கவரில் போட்டு, தேதி வாரியாக எடுத்துப் போங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் நோய் கூடிக்கொண்டே போவது அதில்தான் தெரியும்.

என்ன பரிசோதனை

சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தப்பிவிடும். நுரையீரல் தெளிவாக இருக்கும், நடுவில் இருக்கும் குழாயை எலும்பும் இதயத்தின் நிழலும் மறைத்துவிடும். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்பதால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடாது.

ஊதிப் பார்க்கும் சோதனை, அதாவது ஸ்பைரோமெட்ரி, மலிவானது, வலி இல்லாதது. மூச்சு உள்ளே போகும் வேகத்தையும் வெளியே வரும் வேகத்தையும் அது ஒரு வளைவாக வரைந்து காட்டும். பெரிய குழாயில் நிலையான அடைப்பு இருந்தால் அந்த வளைவு மேலும் கீழும் தட்டையாகிவிடும். ஆஸ்துமாவில் வருகிற வளைவின் வடிவமே வேறு. என்னைக் கேட்டால், இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக இன்ஹேலர் எடுத்தும் குறையாத இளைப்புக்கு இந்தச் சோதனையை நோயாளியே வாய் விட்டுக் கேட்கலாம். டாக்டரைச் சந்தேகிப்பதாக ஆகாது.

அதில் சந்தேகம் வந்தால் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் சி.டி. ஸ்கேன். அப்புறம் பிராங்கோஸ்கோப்பி, அதாவது குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்து, கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவது. வழி ஏற்கெனவே குறுகியிருப்பதால், துண்டு எடுக்கும்போது இரத்தம் கசிந்தாலோ வீங்கினாலோ மூச்சு நின்றுவிடும் ஆபத்து உண்டு. அதனால் மூச்சுவழியைக் கையாளப் பழகிய மயக்க மருந்து நிபுணரும், உலோகக் குழாய் வடிவில் இருக்கும் ரிஜிட் பிராங்கோஸ்கோப்பும் இருக்கிற இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். நம் பகுதியிலிருந்து பெரும்பாலும் மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருக்கும்.

பயாப்சி ரிப்போர்ட்டில் மூன்று சொற்களைத் தேடுங்கள்: கிரிப்ரிஃபார்ம், டியூபுலார், சாலிட். நுண்ணோக்கியில் செல்கள் அடுக்கியிருக்கும் விதம் அது. சாலிட் என்ற பகுதி கூடுதலாக இருந்தால் நோய் கொஞ்சம் முரட்டுத்தனமானது.

அறுவை சிகிச்சைதான் முதல் வழி

கட்டி இருக்கும் பகுதியை வெட்டி எடுத்து, மேல் முனையையும் கீழ் முனையையும் ஒன்றாகச் சேர்த்துத் தைப்பார்கள். பெரியவர்களுக்கு அதிகபட்சம் குழாயின் பாதி நீளம் வரை இப்படி எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் இரண்டு முனைகளும் எட்டாது, எட்டினாலும் தையல் இழுபட்டுப் பிரிந்துவிடும். குழாய்க்கு இரத்தம் பக்கவாட்டில் சின்னச் சின்ன நாளங்கள் வழியாக வருவதால், சுற்றிலும் அதிகமாகப் பிரித்துவிட்டாலும் தைத்த இடம் பட்டுப்போகும். இந்த வித்தையை வளர்த்தெடுத்தவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இருந்த ஹெர்மிஸ் கிரில்லோ. அறுவைக்குப் பின் ஏறக்குறைய ஒரு வாரம், நோயாளி தலையை அண்ணாந்து தையலை இழுத்துவிடாதபடி, முகவாயையும் நெஞ்சையும் ஒரு தடித்த நூலால் சேர்த்துத் தைத்து வைப்பது வழக்கம். பார்க்கப் போகிற சொந்தக்காரர்கள் அதைக் கண்டு மிரண்டுவிடுவார்கள், முன்பே சொல்லிக் கூட்டிப் போவது நல்லது.

நோய் குழாயின் உள்தோலுக்கடியில் ஊர்ந்திருக்கும் என்பதால், வெட்டிய ஓரத்தில் நுண்ணோக்கியில் மட்டும் தெரிகிற மிச்சம் பலருக்கு இருக்கும். முழுசாக எடுக்கிறேன் என்று இன்னும் நீளமாக வெட்டினால் தையல் பிரியும், அது உயிருக்கே ஆபத்து. ஆகவே அனுபவமுள்ள அறுவை மருத்துவர் ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டு மிச்சத்தைக் கதிர்வீச்சுக்கு விடுவார். நம் ஊரில் கரண்ட் வைப்பது என்று சொல்வது இதைத்தான். வாரத்துக்கு 5 நாள் வீதம் 6 வாரம் போல நடக்கும். இராமேஸ்வரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டருக்குப் பக்கம், தினமும் போய் வர முடியாது. தங்குவதற்கும், துணைக்கு இருக்கிறவரின் தொழில் நின்றுபோவதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. எந்த சிகிச்சை எந்த மருத்துவமனையில் அதில் சேரும் என்பதைச் சேரும் முன்பே காப்பீட்டுக் கவுன்டரில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறுவை முடியாதவர்களுக்கு லேசரால் உள்வழியைத் திறப்பது, ஸ்டென்ட் (வழி மூடாமல் தாங்கிப் பிடிக்கும் சிறு குழல்) வைப்பது, கதிர்வீச்சு ஆகியவை உண்டு. கீமோவுக்கு இந்த வகை அவ்வளவாக மசிவதில்லை.

குழாயையே மாற்றி வைக்க முடியாதா என்று கேட்பார்கள். 2011இல் ஸ்வீடனில் பாவ்லோ மக்கியாரினி என்பவர் பிளாஸ்டிக் மூச்சுக்குழாய் பொருத்தி உலகப் புகழ் பெற்றார். நோயாளிகள் இறந்தார்கள், 2023இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறை விதித்தது. செயற்கைக் குழாய் என்று யாராவது விளம்பரம் செய்தால் இதை நினைவில் வையுங்கள்.

ஐந்து வருடக் கணக்கை எப்படிப் படிப்பது

‘ஐந்து வருட உயிர்வாழ்வு 52 சதவீதம்’ என்று படித்தவுடன் நம்மில் பலர் ‘ஐந்து வருடம்தானா’ என்று கேட்கிறார்கள். அதற்கு அந்தப் பொருளே இல்லை. நூறு பேரில் 52 பேர் ஐந்தாம் வருடத்தில் உயிரோடு இருந்தார்கள் என்பது மட்டும்தான் செய்தி. அவர்களில் பலர் அதற்குப் பிறகு பத்து, இருபது வருடம் இருந்திருக்கலாம்.

அந்த 52 எங்கிருந்து வருகிறது? மேலே சொன்ன மாசசூசெட்ஸ் மருத்துவமனை 1962 முதல் 2002 வரை பார்த்த 270 நோயாளிகளின் விவரத்தை 2004இல் வெளியிட்டது. ஸ்குவாமஸ், அடினாய்டு சிஸ்டிக் என ஒவ்வொரு வகையிலும் 135 பேர். அடினாய்டு சிஸ்டிக் வகையில் அறுவை செய்துகொண்டவர்களில் 5 ஆண்டில் 52 சதவீதம் பேர், 10 ஆண்டில் 29 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அறுவை செய்ய முடியாதவர்களில் 5 ஆண்டுக்கு 33 சதவீதம். ஸ்குவாமஸ் வகையில் அறுவை செய்தவர்களுக்கு 39, செய்ய முடியாதவர்களுக்கு 7 சதவீதம்தான்.

அமெரிக்க தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 1973 முதல் 2004 வரையிலான 578 பேரை எடுத்துப் பார்த்த வேறொரு ஆய்வு உண்டு. அதில் எல்லா வகையும் சேர்ந்து 5 ஆண்டுக்கு 27 சதவீதம். பிரித்துப் பார்த்தால் ஸ்குவாமஸ் 13 சதவீதம், அடினாய்டு சிஸ்டிக் 74 சதவீதம்.

ஒரே நோய்க்கு ஓரிடத்தில் 52, இன்னோரிடத்தில் 74 என்றால் எதை நம்புவது? இரண்டும் வெவ்வேறு கூட்டத்தின் கணக்கு. மருத்துவமனைக் கணக்கில் 1960களின் அறுவைகளும் சேர்ந்திருக்கின்றன. அந்தக் காலத்தில் அறுவையை ஒட்டியே ஐந்தில் ஒருவர் இறந்தார், கடைசிப் பத்தாண்டில் அது நூற்றுக்கு மூன்றாகக் குறைந்தது. ஆகவே பழைய ஆய்வின் சதவீதத்தை இன்றைய நோயாளியின் தலையில் அப்படியே இறக்கி வைக்க முடியாது. மொத்தமாகச் சொல்லப்படும் அந்த 27 சதவீதம் இன்னும் மோசம், அது யாருடைய கதையும் இல்லை. இணையத்தில் ‘மூச்சுக்குழாய்ப் புற்றுநோய்’ என்று தேடினால் பெரும்பாலும் அந்த மாதிரி எண்தான் முதலில் கண்ணில் படும். எந்த வகை, அறுவை செய்ய முடிந்ததா, நுரையீரலுக்குப் போயிருக்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் எந்தச் சதவீதத்தையும் பார்க்க வேண்டாம்.

52லிருந்து 29க்கு இறங்கியதையும் கவனிக்க வேண்டும். பல புற்றுநோய்களில் ஐந்து வருடம் தாண்டினால் பெரிய ஆபத்து தாண்டியது என்பார்கள். இதில் அந்த எல்லைக்கல் கிடையாது. மெதுவாக வளர்கிற நோய் மெதுவாகத்தான் திரும்பியும் வரும். பத்து, பதினைந்து வருடம் கழித்து பழைய இடத்திலோ நுரையீரலிலோ தலைகாட்டுவது உண்டு. அதே மெதுவான குணம் சில நேரம் கைகொடுக்கவும் செய்கிறது. நுரையீரலில் புள்ளிகள் தெரிந்த பிறகும் வருடக்கணக்கில் வேலை வெட்டி பார்த்துக்கொண்டு இருக்கிறவர்கள் உண்டு. புள்ளிகள் வளராமல் இருந்தால் உடனே மருந்து தொடங்காமல் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதும் ஒரு சிகிச்சை முறைதான். ‘டாக்டர் கைவிட்டுட்டார்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதனால் சிகிச்சை முடிந்த பிறகும் வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பு உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டு, அறுவைக் குறிப்பு, கதிர்வீச்சு அளவு எழுதிய தாள், ஸ்கேன் சிடி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள், உப்புக்காற்றில் காகிதம் நைந்துபோவதால் பிளாஸ்டிக் கவரில். பயாப்சி மெழுகுக் கட்டி, அதாவது எடுத்த துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பது, எந்த ஆய்வகத்தில் இருக்கிறது, அதன் எண் என்ன என்பதையும் எழுதி வையுங்கள். பதினைந்து வருடம் கழித்து நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்து, அது காசநோயா, புதுப் புற்றா, பழையது திரும்பியதா என்று பார்க்க வேண்டி வந்தால், புதிதாக எடுக்கும் துண்டோடு ஒப்பிட அந்தப் பழைய மெழுகுக் கட்டியைத்தான் கேட்பார்கள்.